எழுதிய கை யாருடையது? இரு போர்களுக்கிடையே ஐரோப்பாவைப் பிடித்த சந்தேகம்

அண்டை வீட்டுக்காரரைப் பற்றிக் காவல்துறைக்கு எழுதிப்போட்ட கை யாருடையது? எழுதியவருடையது என்பது நேரான பதில். அப்படி எழுதவைத்த அரசுடையது என்பது இன்னொரு பதில். ஸ்டாலினின் சோவியத் ஒன்றியத்தையும் ஹிட்லரின் ஜெர்மனியையும் முன்வைத்து, இவ்விரண்டு பதில்களுக்கும் நடுவே வரலாற்றாளர்கள் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வாதாடி வருகிறார்கள்.

கேள்வி அந்த நாடுகளைவிடப் பழையது. ஜாருக்கு எதிரான சதியை அறிந்தும் சொல்லாமல் இருப்பதை 1649ஆம் ஆண்டின் ருஷ்யச் சட்டத் தொகுப்பே குற்றமாக்கியிருந்தது. பிரெஞ்சுப் புரட்சியோ, துரோகியைச் சுட்டிக்காட்டுவது குடிமகனின் கடமை என்று அதற்கு ஒரு மரியாதையும் தேடிக் கொடுத்தது. காட்டிக்கொடுப்பது இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு அல்ல. 1918க்கும் 1939க்கும் இடையில் மாறியது அதன் அளவும், அது புகுந்த இடங்களும்தான். தொழிற்சாலைக் கூட்டம், பல குடும்பங்கள் பங்கிட்ட சமையலறை, கணவன் மனைவி பேச்சு என்று எதுவும் மிச்சமில்லை.

போர் விட்டுச்சென்றது

முதல் விளக்கம் பழியைப் போர்மீது போடுகிறது. பதுங்குகுழிகளில் இருந்து திரும்பிய பிரெஞ்சு வரலாற்றாளர் மார்க் ப்ளோக், போர்க்கால வதந்திகளைப் பற்றி 1921இல் ஒரு கட்டுரை எழுதினார். தணிக்கை செய்யப்பட்ட செய்தித்தாளைப் போர்வீரர்கள் நம்பவில்லை. அச்சில் வந்தது பொய், காதில் விழுந்தது மெய் என்ற நிலைக்கு வந்தார்கள். வதந்தி, கேட்பவர் மனத்தில் ஏற்கெனவே இருப்பதைத்தான் வளர்க்கிறது என்பது அவர் கண்டது.

ஜெர்மனியில் இந்த விதை ஆழமாக விழுந்தது. படையில் யூதர்கள் எத்தனை பேர் என்று 1916இல் ராணுவம் தனியாகக் கணக்கெடுத்தது. முடிவைப் போர்க்காலத்தில் வெளியிடவில்லை. வெளியிடாததே சந்தேகத்துக்குத் தீனியானது. 1919 நவம்பர் 18 அன்று நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் வந்த போர்க்காலத் தளபதி ஹிண்டன்பர்க், படை முதுகில் குத்தப்பட்டது என்ற கதைக்குத் தன் பெயரின் கனத்தைக் கொடுத்தார். நான்கு ஆண்டு கழித்து 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்றானது. நாட்டுப்பற்றோடு போர்க்கடன் பத்திரம் வாங்கிய நடுத்தரக் குடும்பங்களிடம் காகிதம்தான் மிஞ்சியது. தன் கையெழுத்தையே மதிக்காத அரசை மக்கள் எப்படி நம்புவார்கள்?

ருஷ்யாவுக்கு இந்த வாதத்தைக் கொண்டுசென்றவர் வரலாற்றாளர் பீட்டர் ஹோல்க்விஸ்ட். கடிதங்களைப் பிரித்துப் படித்து மக்களின் மனநிலையைக் கணிப்பது போரிட்ட எல்லா அரசுகளும் பழகிய வேலை என்றும், போர் முடிந்தபின்னும் போல்ஷெவிக்குகள் அதைக் கைவிடவில்லை என்றும் அவர் காட்டினார்.

வாதம் வலுவானது, ஆனால் பாதி தூரம்தான் வருகிறது. பிரிட்டனும் போரிட்டது. 1924 பொதுத்தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு, சோவியத் தலைவர்களில் ஒருவரான சினோவியெவ் எழுதியதாகச் சொல்லப்பட்ட போலிக் கடிதத்தை டெய்லி மெயில் அச்சிட்டு நாட்டைப் பரபரப்பாக்கியது. அதற்காக லண்டனில் அண்டை வீட்டார் ஒருவரையொருவர் ஆயிரக்கணக்கில் எழுதிக்கொடுக்கத் தொடங்கவில்லை. போர் மண்ணைப் பண்படுத்தியது என்று சொல்லலாம். அதில் என்ன விளையும் என்பதைப் போர் முடிவுசெய்யவில்லை.

மேலிருந்து இறங்கிய அச்சம்

இரண்டாவது விளக்கத்தின் தாய்நூல் ஹன்னா அரெண்ட் 1951இல் வெளியிட்ட சர்வாதிகாரம் பற்றிய ஆய்வு. ஒவ்வொருவரையும் தனித்தனித் துகளாக்கி, அருகில் இருப்பவரை நம்ப முடியாதபடி செய்வதே இந்த ஆட்சிகளின் தன்மை என்றார் அவர். 1956இல் ஃப்ரீட்ரிக்கும் பிரெஸின்ஸ்கியும் அதை அரசியல் கோட்பாடாக்கினார்கள். 1968இல் ராபர்ட் கான்குவெஸ்ட், 1937-38இல் நடந்த ஸ்டாலினின் பெரும் பயங்கரத்தை ஒரே மனிதரின் திட்டமாக எழுதினார்.

இதற்கு ஆதரவாக, அன்றைய சாட்சியங்களில் விசித்திரமானது ஒன்று உண்டு. பெர்லினில் இருந்த பத்திரிகையாளர் சார்லொட்டே பெராட் 1933 முதல் தான் நாடு கடக்கும்வரை, அறிந்தவர் அறியாதவர் பலரிடமும் அவர்கள் கண்ட கனவுகளைக் கேட்டு ரகசியமாகக் குறித்துவைத்தார். 1966இல்தான் அது நூலானது. அதில் ஒரு மருத்துவரின் கனவு: அவர் மாலையில் வீட்டில் அமர்ந்து ஓவிய நூல் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறார். திடீரென்று அறைக்குச் சுவர்கள் இல்லை, தெருவில் எந்த வீட்டுக்கும் இல்லை. சுவர்களை ஒழிக்கும் ஆணையை ஒலிபெருக்கி அறிவிக்கிறது. ஒரு குடும்பத்தலைவியின் கனவில் வீட்டுக் கணப்படுப்பு வாய்திறந்து, அரசைப் பற்றி அந்தக் குடும்பம் பேசியது அத்தனையையும் ஒப்பிக்கிறது. சுவருக்கும் காது உண்டு என்பது நம்மிடையே எச்சரிக்கை. அந்த வீட்டில் அடுப்புக்கு வாயும் முளைத்திருந்தது. ஒட்டுக்கேட்கும் கருவி எதுவும் அங்கே இருந்திருக்க வேண்டியதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கேட்கப்படுகிறோம் என்ற எண்ணமே போதுமானதாக இருந்தது.

சோவியத் தரப்பில் இந்தப் பார்வைக்கு வலுவான சான்று கனவு அல்ல, கோப்பு. 1937 ஜூலை 30 தேதியிட்ட, சோவியத் ரகசியப் போலீஸான என்.கே.வி.டி.யின் ஆணை எண் 00447, எந்த மாகாணத்தில் எத்தனை பேரைச் சுடுவது, எத்தனை பேரை முகாமுக்கு அனுப்புவது என்று ஒதுக்கீடே வழங்கியது. தொடக்க ஒதுக்கீடு சுமார் 2.69 லட்சம் பேர். மாகாண அதிகாரிகள் கூடுதலாகக் கேட்டார்கள், மாஸ்கோ கொடுத்தது. முடிவில் 7.67 லட்சம் பேர் தண்டிக்கப்பட்டு, அவர்களில் ஏறத்தாழ 3.87 லட்சம் பேர் சுடப்பட்டார்கள். சோவியத் ஆவணங்கள் திறக்கப்படுவதற்கு முன்பு, 1985இல் ஆர்ச் கெட்டி போன்றோர் மையத்தின் திட்டமிடலைக் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். இந்த எண்கள் வெளிவந்தபின் அந்த நிலைப்பாட்டை அதே வடிவில் தாங்கிப்பிடிப்பது கடினமாகிவிட்டது.

ஆனால் மேலிருந்து அச்சம் என்ற விளக்கம் ஜெர்மனியில் வேறொரு எண்ணில் இடறியது. 1937இல் சுமார் 40 லட்சம் மக்கள் வாழ்ந்த டுசல்டார்ஃப் வட்டாரம் முழுவதற்கும் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டப்போவின் பணியாளர்கள் 281 பேர். இத்தனை சிறிய அலுவலகம் எல்லோர் வீட்டிலும் எப்படிக் காதுவைத்தது?

கீழிருந்து போன கடிதங்கள்

1990இல் ராபர்ட் ஜெலட்லி தந்த பதில் துறையையே புரட்டிப்போட்டது. கெஸ்டப்போ காதுவைக்கவில்லை, மக்களே கொண்டுபோய்ச் சொன்னார்கள். போர் முடிவில் கெஸ்டப்போ பெரும்பாலான ஊர்களில் கோப்புகளை எரித்துவிட்டது. வூர்ஸ்பர்க், டுசல்டார்ஃப் முதலான சில இடங்களில் அவை தப்பின. வூர்ஸ்பர்க்கில் யூதர்களோடு காதல் அல்லது நட்பு வைத்திருந்ததாகத் தொடங்கிய 175 வழக்குகளை எடுத்து ஆராய்ந்தபோது, 57 விழுக்காடு பொதுமக்கள் சொன்னதில் தொடங்கியிருந்தது. 1935இன் நியூரம்பர்க் சட்டங்கள் யார் யாரோடு படுக்கலாம் என்பதைச் சட்டமாக்கின. அதை அமலாக்க மாடிப்படியில் நின்று பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் இல்லாமல் முடியாது.

இதற்கு முன்பே டுசல்டார்ஃப் கோப்புகளில் 825 வழக்குகளை எடுத்த ரைன்ஹார்ட் மான், அவற்றில் 26 விழுக்காடு மட்டுமே மக்களின் புகாரில் தொடங்கியதாகக் கண்டார். அந்தப் புகார்களிலும் மூன்றில் ஒன்றுக்கு மேல் சொந்தப் பகையைத் தீர்த்துக்கொள்ளப் போனவை. 57, 26 என்ற இரண்டு எண்களும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. கம்யூனிஸ்ட் குழுவைப் பிடிக்கப் போலீஸிடம் பழைய பட்டியலும் அடி உதையும் இருந்தன. காதலர்களைப் பிடிக்க அண்டை வீடு வேண்டியிருந்தது. எந்த வகை வழக்கை எண்ணுகிறோமோ அந்த வகைச் சமூகம்தான் கண்ணில் படும்.

சோவியத் பக்கத்தில் இதே திசையில் நடந்தவர் ஷீலா ஃபிட்ஸ்பாட்ரிக். கட்சிக்கும் பத்திரிகைகளுக்கும் போலீஸுக்கும் போன புகார்க் கடிதங்களை அவர் 1990களில் வகைபிரித்தார். கட்சிப்பற்றில் எழுதியவை உண்டு, வர்க்கக் கோபத்தில் எழுதியவை உண்டு. மேலதிகாரியைக் கவிழ்க்க எழுதியவையும், ஓர் அறைக்காக எழுதியவையும் உண்டு. மொட்டைக் கடிதாசி என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில் பெயரும் கையெழுத்தும் போட்டவையே மிகுதி என்பது அவர் தரும் வியப்பான செய்தி. எழுதியவர்களில் பலர் அதை வெட்கப்பட வேண்டிய காரியமாக நினைக்கவில்லை.

அறை விஷயம் அற்பமாகத் தோன்றலாம். மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும் ஒரு குடியிருப்பில் பல குடும்பங்கள், ஆளுக்கோர் அறை. சமையலறையும் கழிப்பறையும் எல்லோருக்கும் பொது. மெல்லிய தடுப்புக்கு அப்பால் யார் வருகிறார், எத்தனை மணிக்குப் போகிறார், பானையில் என்ன வேகிறது என்பதெல்லாம் தெரியும். பக்கத்து அறைக்காரர் கைதானால் அறை காலியாகும். அந்த நெருக்கடியில் பொறாமையும் அரசியல் விழிப்பும் எங்கே பிரிகின்றன என்று எழுதியவருக்கே தெரிந்திருக்குமா என்பது ஐயம்.

1937 பிப்ரவரி-மார்ச் மத்தியக் குழுக் கூட்டத்தில் ஸ்டாலின், கீவைச் சேர்ந்த நிகோலயென்கோ என்ற சாதாரணக் கட்சி உறுப்பினரைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். பெரியவர்கள் கண்டுகொள்ளாத எதிரிகளைச் சிறிய மனிதர்கள் கண்டுபிடிக்கிறார்கள் என்பதற்கு அவர் எடுத்துக்காட்டு. அந்தப் பெண் அதன்பின்னும் ஓயாமல் புகார் எழுதி, கடைசியில் கட்சிக்கே தலைவலியானார். 1938 ஜனவரியில் அதே மத்தியக் குழு, பொய்ப் புகார் எழுதி முன்னேறப் பார்ப்பவர்களைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. கதவைத் திறந்துவிட்டவர்களே கூட்டம் நெரிகிறது என்று கடிந்துகொண்ட கதை இது.

மாஸ்கோ தொழிற்சாலைகளின் கூட்டக் குறிப்புகளைப் படித்த வெண்டி கோல்ட்மன் இன்னும் நெருங்கிப் பார்க்கிறார். அண்ணன் கைதானாலோ, போலந்தில் ஒரு மாமன் இருந்தாலோ, கட்சி உறுப்பினர் அதைத் தானே எழுதிக்கொடுக்க வேண்டும். எழுதினால் எதிரியோடு உறவு ஒப்புக்கொள்ளப்பட்டது. எழுதாவிட்டால் மறைத்த குற்றம். எழுதியவரைத் தோழர்கள் கூடி விசாரிப்பார்கள். விசாரிப்பில் மென்மையாக இருந்தவரை அடுத்த கூட்டம் விசாரிக்கும். ஆகவே முந்திக்கொள்வது பாதுகாப்பாகத் தெரிந்தது. இங்கே யாரும் மேலிருந்து ஒவ்வொரு பெயரையும் சொல்லவில்லை. ஆனால் விதிகளை வகுத்தவர் மேலேதான் இருந்தார். மேல், கீழ் என்ற பிரிப்பே எவ்வளவு போதாதது என்பதைக் கோல்ட்மன் காட்டும் இந்த ஏற்பாட்டைப் போல வேறொன்று உணர்த்தவில்லை.

கீழிருந்து என்ற விளக்கத்துக்கு எழுந்த மறுப்புகளில் இரண்டு முக்கியமானவை. முதலாவது, ரிச்சர்ட் எவன்ஸ் 2000களில் எழுப்பியது: கெஸ்டப்போ சிறியது என்பதால் வன்முறை சிறியதாகிவிடாது. நீதிமன்றம், சிறை, புயற்படை, தெருவாரியாக இருந்த கட்சி மேற்பார்வையாளர், வேலைவாய்ப்பு அலுவலகம் எல்லாம் சேர்ந்துதான் மிரட்டின. 1934இன் சட்டம் ஆட்சியைப் பற்றிய கேலிப் பேச்சையும் சிறைக்குரிய குற்றமாக்கிய நிலையில், மக்கள் விரும்பிச் சொன்னார்கள் என்பதில் விருப்பத்தின் பங்கு எவ்வளவு? இரண்டாவது சோவியத் ஒன்றியம் பற்றியது. 1937-38இல் சுடப்பட்ட 6.8 லட்சம் பேரில் பெரும்பகுதியினர் 00447, போலந்து நடவடிக்கை போன்ற பெருந்திரள் ஆணைகளில் சிக்கியவர்கள். குலாக் எனப்பட்ட வசதியான முன்னாள் விவசாயி, முன்னாள் கைதி, அயல் இனத்தவர் என்று போலீஸ் அட்டைகளில் ஏற்கெனவே பதிவான பெயர்கள் அவர்களுடையவை. அவர்களைப் பிடிக்க அண்டை வீட்டார் கடிதம் பெரும்பாலும் தேவைப்படவில்லை. புகார்க் கடிதங்கள் அந்தச் சமூகத்தின் மனத்தை விளக்கலாம். பிணங்களின் எண்ணிக்கையை அவை விளக்கவில்லை.

ஆண்டவர்களின் பயம்

நான்காவது விளக்கம், சந்தேகத்தை அரசின் கருவியாக அல்ல, அரசின் நோயாகவே பார்க்கிறது. ஸ்டாலினும் அவரைச் சூழ்ந்தவர்களும் தாங்கள் சொன்ன சதிகளைப் பெருமளவு நம்பினார்கள் என்பது ஜேம்ஸ் ஹாரிஸின் வாதம். வரப்போகும் போரில் முதுகில் குத்தக்கூடியவர்களை முன்கூட்டியே ஒழிக்கும் வேலை 1937இல் நடந்தது என்கிறார் ஒலெக் க்ளெவ்னியுக். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் எழுந்த, உள்ளிருந்தே எதிரிக்கு உதவும் ஐந்தாம் படை பற்றிய பேச்சு மாஸ்கோவில் கவனமாகக் கேட்கப்பட்டது.

பயம் முழுவதும் கற்பனை அல்ல. 1927 மே மாதம் லண்டனில் சோவியத் வணிக நிறுவனமான ஆர்கோஸில் போலீஸ் புகுந்தது, பிரிட்டன் தூதரக உறவை முறித்தது, ஜூனில் சோவியத் தூதர் வோய்கோவ் வார்சாவில் சுட்டுக்கொல்லப்பட்டார். அதே சமயம், 1921 முதல் 1927வரை சோவியத் ரகசியப் போலீஸ் தானே ஒரு பொய் முடியாட்சி இயக்கத்தை நடத்தி, வெளிநாட்டு எதிரிகளை அதற்குள் இழுத்தது. பிரிட்டிஷ் உளவாளி சிட்னி ரெய்லி 1925இல் அந்த வலையில் விழுந்தார். போலி எதிர்ப்பியக்கத்தைச் செய்யத் தெரிந்தவர்கள் எந்த நட்பையும் போலி என்று நினைப்பதில் வியப்பில்லை. ஜெர்மனி பற்றி டிம் மேசன் சொன்னதும் இதற்கு இணையானது: 1918 நவம்பர்ப் புரட்சி திரும்ப வந்துவிடுமோ என்ற கிலி நாஜித் தலைவர்களை விட்டு நீங்கவே இல்லை.

இந்த அச்சம் நம்மோடு தொடர்புள்ள இருவரையும் தீண்டியது. அலெக்சாண்டர் மெர்வார்ட் ஜெர்மனியில் பிறந்து ருஷ்யாவில் பணிபுரிந்தவர். மனைவி லுத்மிலாவோடு இலங்கையிலும் இந்தியாவிலும் தங்கி அருங்காட்சியகப் பொருள்கள் திரட்டியவர். பேச்சுத் தமிழுக்கு ருஷ்ய மொழியில் இலக்கணம் எழுதி 1929இல் வெளியிட்டவர். அடுத்த ஆண்டே அறிவியல் கழக அறிஞர்கள்மீது புனையப்பட்ட வழக்கில் கைதாகி, 1932இல் முகாமில் இறந்தார். சரோஜினி நாயுடுவின் தம்பி வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா லெனின்கிராடில் இருந்தார். 1937 ஜூலையில் கைதாகி, செப்டம்பர் 2 அன்று சுடப்பட்டார். பல மொழி, பல நாட்டுத் தொடர்பு என்று அறிஞருக்குத் தகுதியாக இருந்தவையே ஒற்றனுக்கு அடையாளமாக மாறியிருந்தன.

தலைவர்கள் நம்பினார்கள் என்ற விளக்கத்தின் பலவீனம் வெளிப்படையானது. சித்திரவதையில் வாக்குமூலம் வாங்கச் சொல்லி, அந்த வாக்குமூலத்தையே படித்து ஒருவர் சதியை நம்பினார் என்றால், அதை நம்பிக்கை என்பதா, வசதி என்பதா? காகிதத்தில் இருப்பதைக் கொண்டு மனத்தில் இருந்ததை அளக்கும் சிக்கல் இங்கே தீராது.

வீட்டுக்குள் வந்தபோது

தனிவாழ்வைப் பற்றிய எல்லாப் பேச்சும் பாவ்லிக் மொரோசோவிடம் போய்ச் சேரும். யூரல் பகுதியின் கெராசிமோவ்கா கிராமத்துச் சிறுவன். தந்தையைக் காட்டிக்கொடுத்தான், அதற்காக உறவினர்கள் 1932 செப்டம்பரில் அவனைக் கொன்றார்கள் என்பது சோவியத் பள்ளிப்பாடம். கத்ரியோனா கெல்லி 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, கொலை நடந்தது உண்மை. அவன் தந்தையைக் காட்டிக்கொடுத்தான் என்பதற்கு ஆதாரம் மிக மெலிந்தது. அரசு கொண்டாடிய வீரன் ஏறக்குறைய கட்டுக்கதை. ஆனாலும் பிள்ளைகள் முன் வாயை மூடிக்கொள்ளப் பெற்றோருக்கு அந்தக் கதை போதும்.

ஜெர்மனியில் இதே அச்சத்தை நாடகமாக்கியவர் பிரெக்ட். 1938இல் பாரிஸில் முதலில் மேடையேறிய தொடர்காட்சிகளில் ஒன்றில், ஓர் ஆசிரியரும் மனைவியும் சாப்பாட்டுக்குப்பின் ஏதோ பேசுகிறார்கள். மகன் சொல்லாமல் வெளியே போய்விடுகிறான். எங்கே போனான், என்ன கேட்டான், நான் சொன்னதை எப்படித் திரித்துச் சொல்லலாம் என்று இருவரும் பதைக்கிறார்கள். பையன் சாக்லேட் பொட்டலத்தோடு திரும்புகிறான். அதை வாங்கத்தான் போனானா என்ற கேள்வியோடு காட்சி முடிகிறது.

கோப்புகளோ வேறு கதை சொல்கின்றன. குடும்பத்தினர் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்த கடிதங்கள் சோவியத் ஆவணங்களில் அரிது என்கிறார் ஃபிட்ஸ்பாட்ரிக். நாஜி ஜெர்மனியில் அவை அவ்வளவு அரிது அல்ல. கெஸ்டப்போவிடம் போன பெண்களைப் பற்றி 2003இல் நூல் எழுதிய இந்திய வரலாற்றாளர் வந்தனா ஜோஷி, டுசல்டார்ஃப் கோப்புகளில், குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றி அவன் ஹிட்லரைத் திட்டினான் என்று புகார் கொடுத்த மனைவிகளைக் காண்கிறார். அடி வாங்குவதைச் சொன்னால் கேட்காத காவல் நிலையம், ஹிட்லரைத் திட்டியதைச் சொன்னால் எழுந்து உட்கார்ந்தது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் இரு நாட்டு மக்களின் பண்பில் இருக்கிறது என்று சொல்வது எளிது, தவறும்கூட. தண்டனை விழும் விதத்தைப் பார்க்க வேண்டும். 1937 ஆகஸ்ட் 15 அன்று வந்த சோவியத் ஆணை 00486, துரோகி என்று தீர்க்கப்பட்டவரின் மனைவியையும் முகாமுக்கு அனுப்பச் சொன்னது. பிள்ளைகள் அரசு இல்லத்துக்குப் போனார்கள். கணவனை மாட்டிவிட்டால் மனைவியும் கூடவே மாட்டுவாள். ஜெர்மனியில் கணவன் உள்ளே போனால் மனைவி விடுபட்டாள். கொடூரம் கூடிய சட்டமே குடும்பத்தின் வாயை இறுகக் கட்டியிருக்கலாம். இது இன்னும் ஊகம்தான், ஆனால் இந்த விவாதம் முழுவதிலும் சோதித்துப் பார்க்கத் தகுந்த ஊகங்களில் முதன்மையானது.

எஞ்சியிருந்தது எவ்வளவு

சோவியத் மக்கள் துகள்களாகிவிட்டார்கள் என்ற அரெண்டின் படத்தை முதலில் கலைத்தவர்கள் அகதிகள். 1950-51இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தினர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்த சோவியத் அகதிகளை நேர்கண்டபோது, நெருக்கடியில் தங்கள் குடும்பம் சிதறியது என்பதைவிட இறுகியது என்று சொன்னவர்கள் கணிசமாக இருந்தார்கள். பற்றாக்குறைப் பொருளாதாரத்தில் காரியம் நடக்க, தெரிந்தவர்களின் தயவு வேண்டியிருந்ததை அலெனா லெதெனேவா விரிவாக எழுதியிருக்கிறார். அந்நியரை நம்ப முடியாதபோது மனிதர்கள் சிறு வட்டங்களுக்குள் மேலும் இறுக்கமாக நம்பத் தொடங்குகிறார்கள் என்கிறார் ஜெஃப்ரி ஹோஸ்கிங். அதன்படி சந்தேகமும் நம்பிக்கையும் ஒன்றாகவே வளர்ந்தன. ஒர்லாண்டோ ஃபைஜிஸ் 2007இல் வெளியிட்ட நூலில் தந்த படம் இதைவிட இருண்டது: மௌனம் வீட்டுக்குள்ளேயே குடியேறி, பிள்ளைகள் பெற்றோரின் கடந்தகாலம் தெரியாமலே வளர்ந்தார்கள். அந்நூலில் சில நேர்காணல்கள் பிழையாக எடுத்தாளப்பட்டதாகப் பின்னர் குறை எழுந்தது. அகதிகளின் சாட்சியத்துக்கும் எல்லை உண்டு: குடும்பம் தங்களைக் காட்டிக்கொடுக்காததால்தானே அவர்களில் பலர் பிழைத்து வந்து பேசினார்கள்.

தீராத கணக்கு

இந்த விளக்கங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டாயம் இல்லை என்றாலும், எல்லாவற்றுக்கும் சம மதிப்பெண் தருவதும் நேர்மையாகாது. கொலையின் அளவுக்கு மேலிருந்து வந்த ஆணைகளே காரணம். சோவியத் ஒன்றியத்தில் 1938 நவம்பர் 17 அன்று மேலிடம் போட்ட தீர்மானத்தோடு பெருந்திரள் கைதுகள் நின்றன என்பது அதற்குப் போதிய சான்று. அண்டை வீட்டார் கடிதங்கள் அந்தத் தேதியோடு நிற்கவில்லை. அவற்றை வாங்கிப் படித்துக் கைதாக்கும் அவசரம்தான் குறைந்தது. சந்தேகம் தெருவில் எப்போதும் இருக்கும் சரக்கு என்றும், அதற்கு விலை வைத்தது அரசு என்றும் கொள்வதே இன்றைய சான்றுகளுக்குப் பொருந்துகிறது.

அளக்க முடியாமல் நிற்பது எழுதாதவர்களின் தொகை. ஒருவர் சொன்ன கேலிப் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போன பத்துப் பேருக்குக் கோப்பு இல்லை. பதினோராவது ஆளுக்கு மட்டும் இருக்கிறது. ஜெர்மானியக் கோப்புகளில் பெரும்பகுதி சாம்பலானது. தப்பியவை 1945வரை நீள்வதால், போருக்கு முந்தைய ஆறு ஆண்டுகளைத் தனியே பிரிக்காமல் சொல்லப்படும் எந்த விழுக்காட்டையும் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ருஷ்யாவின் பாதுகாப்புத் துறை ஆவணக்காப்பகத்துக்குள் ஆய்வாளர்கள் போகும் வழி குறுகிக்கொண்டே வருகிறது. ஃபைஜிஸ் பயன்படுத்திய நேர்காணல்களைத் திரட்ட உதவிய மெமோரியல் அமைப்பைக் கலைக்க ருஷ்ய உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பர் 28 அன்று உத்தரவிட்டது.